மாமாவின் காருக்கு முன் தகடு

மாமா வாங்கிய கார், அதற்கு முன்பு மூன்று நாள் வாவிக்குள் கிடந்த கார். இது எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். மாமாவுக்கும் தெரியும். தெரிந்துதான் வாங்கினார். "தண்ணிக்குள்ள கிடந்தா இரும்பு செத்தா போகும்?" என்று கேட்டார். செத்தது இரும்பு அல்ல என்பதை அவருக்கு எடுத்துச் சொல்ல எங்கள் வீட்டில் ஒருவருக்கும் துணிவு வரவில்லை. அம்மாவின் ஒரே தம்பி அவர். அவர் பேச்சுக்கு எதிர்ப்பேச்சுப் பேசிப் பழக்கமில்லை.

எங்கள் ஊர் வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் இருந்தது. பட்டினமும் ஆசுபத்திரியும் அக்கரையில். இரண்டு பெரிய வள்ளங்களைப் பக்கம் பக்கமாகக் கட்டி, மேலே பலகை அடித்த மிதவை ஒன்று கரைக்குக் கரை போய்வரும். அதைப் பாதை என்போம். கார் ஒன்றை ஏற்றினால் நான்கு பேர் கழி ஊன்றித் தள்ளவேண்டும். ஒரு தென்னந்தோட்டக்காரரிடம் அந்தக் கார் இருந்த காலத்தில், எங்கள் பக்கத்துத் துறையில் பாதைமேல் ஏறும்போது பின்னுக்கு வழுக்கித் தண்ணீருக்குள் போய்விட்டது. சாரதி வெளியே வரவில்லை. மூன்றாம் நாள் எருமைகளைப் பூட்டி வடம் போட்டு இழுத்தார்கள். அவர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே இருந்தார் என்று சிலர் சொன்னார்கள். பின் ஆசனத்தில் ஒரு பிரயாணியைப்போல நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார் என்று வேறு சிலர் சொன்னார்கள். இரு சாராரும் கண்ணால் கண்டவர்கள்தான்.

வடம் இழுத்த இழுவையில் முன்பக்கத்து இலக்கத் தகடு அதன் தாங்கி இரும்போடு பிய்ந்துபோயிற்று. தேடுவதற்கு ஒருவரும் மெனக்கெடவில்லை. மாமா பட்டினத்தில் அதே இலக்கத்தை எழுதுவித்துப் புதிய தகடு ஒன்று கொண்டுவந்தார். தகட்டைக் கொண்டுவந்தாரே தவிர அதைப் பூட்டத் தாங்கி கிடைக்கவில்லை. உலக யுத்தம் தொடங்கியிருந்தது. சீமையிலிருந்து ஓர் ஆணிகூட வராத காலம்.

அந்த இலக்கத்தை நான் இங்கே எழுதப்போவதில்லை. ஏன் என்பது போகப்போக விளங்கும். விளங்கியபின் சிரிப்பவர்கள் சிரிக்கலாம்.

தாங்கியில்லாமல் ஒரு தகட்டைக் காரின் முகத்தில் நிறுத்துவது எவ்வளவு பெரிய பாடு என்பதை அந்த மாதங்களில் கண்டேன். முதலில் மாமா அதைக் கம்பியால் ரேடியேற்றர் வலையோடு சேர்த்துக் கட்டினார். காற்றுப் புகாமல் தண்ணீர் கொதித்து, கார் நடுவழியில் பானைபோலப் பொங்கியது. பிறகு ஒரு பலகையில் அறைந்து, பலகையை முன் இரும்பில் கயிறு போட்டுக் கட்டினார். கடைசியில், இரண்டு விளக்குகளுக்கும் இடையில் குறுக்கே ஓடும் கம்பியில் தோல்வார் இரண்டைச் சுற்றி, தகட்டில் துளையிட்டு, நடுவே பழைய ரயர் ரப்பர் வைத்து முடுக்கினார். அதற்குப் போட்ட நட்டுகள் இரண்டு பக்கமும் காதுபோல விரிந்தவை. விரலாலேயே திருகலாம். மாமா திருகுவதை முற்றத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு அப்போது ஒன்பது வயது.

எப்படிப் பூட்டினாலும் தகடு விழுந்தது. வழியில் எங்கும் விழாது. வீட்டிலிருந்து துறைவரை கல்லும் குழியுமான தெருவில் ஆடி ஆடி வரும். துறையில் முன்சில்லு பாதைப் பலகையில் ஏறியதும் ஒரு சத்தத்தோடு தண்ணீரில் விழும். ஆடிவந்த நட்டு அந்தக் கடைசிக் குலுக்கலில் கழன்றது என்று இப்போது சொல்ல எவ்வளவு சுலபமாக இருக்கிறது! அன்று அதைச் சொல்ல ஆள் இருக்கவில்லை. மாமா வேட்டியை மடித்துக்கொண்டு இறங்குவார், காலால் துழாவி எடுப்பார், "மறுகா விழுந்திட்டு" என்று யாரையும் பார்க்காமல் சொல்லுவார்.

அந்தக் காரில் ஈரம் காயவே இல்லை. பங்குனி வெயிலில் ஒரு நாள் முழுவதும் நின்ற காரில் ஏறி இறங்கினாலும் பாவாடையின் பின்புறம் நனைந்திருக்கும். விளக்குக் கண்ணாடிக்குள் சின்னஞ்சிறு சிப்பி ஒன்று ஒட்டியிருந்தது. ஊதுகிற கோணை அமுக்கினால் முதலில் கொப்பளிக்கிற சத்தம், பிறகுதான் ஊதல். ஆசனத்துப் பஞ்சில் ஊறிய உப்பு காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும் என்று பள்ளிக்கூடத்தில் படித்தது வெகுகாலம் கழித்து. படித்த பிறகும் அந்த ஆசனத்தை நினைத்தால் எனக்குத் தொடை குளிர்கிறது.

ஒருமுறை மாமாவோடு அக்கரைக்குப் போனேன். உச்சிவெயில். வாவியில் ஒரு சுருக்கம்கூட இல்லை. அன்றும் தகடு விழுந்தது. மாமா தண்ணீருக்குள் நின்று துழாவ, பாதைக்காரர் கழியில் சாய்ந்துகொண்டு என்னைப் பார்த்துச் சொன்னார்:

"செத்தவர் தன்ட காரத் தேடுறார், மனே."

"எப்பிடிக் கண்டுபிடிப்பார்?"

"லம்பரப் பாத்துத்தான். வேற எப்பிடி?"

பகிடியாகத்தான் சொல்லியிருப்பார். அவர் சிரித்ததும் நினைவிருக்கிறது. ஆனால் அது எனக்குப் பகிடியாகப் படவில்லை. காரணம், எங்கள் வயல் வட்டையில் நெல் வெட்டிச் சூடு அடிக்கும் களமான களவெட்டி. பெண்கள் அங்கே போகக்கூடாது. சிறுமி என்றபடியால் நான் மட்டும் அப்பாவுக்குச் சோறு கொண்டுபோவேன். அங்கே நெல்லை நெல் என்று சொல்லக்கூடாது, பொலி என்றுதான் சொல்லவேண்டும். சாக்குகளை எண்ணக்கூடாது. ஒருவரையும் பெயர் சொல்லிக் கூப்பிடக்கூடாது. சொன்னால் பூதத்துக்குக் கேட்டுவிடும், வந்து எடுத்துக்கொண்டு போய்விடும். அப்பா சொல்லித்தந்த சட்டம் இது. பெயரும் எண்ணும் தெரிந்தால் போதும், கண்ணுக்குத் தெரியாததுகள் வந்துவிடும். அப்படியிருக்க, ஒரு காரின் நெற்றியில் இலக்கத்தை வெள்ளைவெளேரென்று எழுதிக்கொண்டு, அவர் கிடந்த தண்ணீருக்கு மேலால் போய்வருகிறார்களே என்று எனக்கு ஆத்திரமாகவும் பயமாகவும் இருந்தது. பெரியவர்களுக்கு இது தெரியாமல் போனது எப்படி என்று யோசித்துக் களைத்துப்போனேன்.

அந்த மாதங்களில் அக்கா பிள்ளைப்பேற்றுக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தா. அவவுக்கு அது தலைப்பிள்ளை. அத்தான் திருகோணமலைத் துறைமுகத்தில் வேலைக்குப் போயிருந்தார். விடியப்புறம் தொடங்கிய நோ, வெயில் வந்தபிறகும் நிற்கவில்லை. மருத்துவிச்சி வெளியே வந்து, பிள்ளை குறுக்கே கிடக்கிறது, இனி என் கையில் இல்லை, ஆசுபத்திரிக்குக் கொண்டு ஓடுங்கள் என்று அம்மாவிடம் சொன்னார். அம்மா காரைப் பார்த்தார். அந்தக் காரில் அவர் அதுவரை ஏறியதேயில்லை. "வேற வழி இல்லையா தம்பி?" என்று கேட்டார். மாமா ரேடியேற்றருக்குத் தண்ணீர் எடுக்கக் கிணற்றடிக்குப் போனார்.

அவர் வாளியை இறக்கி ஏற்றும் நேரம் எனக்குப் போதுமாக இருந்தது. காது நட்டு இரண்டையும் திருகினேன். தகடு கையோடு வந்தது. மாட்டுத்தொழுவத்துக்குப் பின்னால் இருந்த வைக்கோற்போருக்குள் தோள்வரை கையை விட்டு அதைச் செருகினேன். வைக்கோல் கையெல்லாம் சிவக்கக் கீறியது. அக்காவைக் காப்பாற்றிவிட்டேன் என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. அந்தச் சந்தோசத்தைப்போல ஒரு சந்தோசம் அதற்குப் பிறகு எனக்கு வாய்க்கவில்லை.

அக்கா என் கையை விடவில்லை. அதனால் என்னையும் ஏற்றினார்கள். அம்மாவின் மடியில் அக்காவின் தலை, கீழே காலடியில் நான். நனைந்த ஆசனத்தின் சேற்று மணம் என் முகத்துக்கு நேரே இருந்தது.

துறையில், யுத்தம் வந்தபிறகு காவலுக்கு நிறுத்தியிருந்த பொலிஸ்காரர் ஒருவர் இருந்தார். அவர் பின்னாலிருந்து வந்து, பின்பக்கத்து இலக்கத்தை உரக்க வாசித்து, முன்னுக்குப் போய் நின்றுவிட்டார்.

"முன்னுக்கு லம்பர் இல்லாமப் பாதையில ஏத்த ஏலா. மேலிடத்து உத்தரவு."

"ஐயா, உள்ளுக்குப் புள்ளப்பெறுகாறி இரிக்கா. பாருங்க."

"பாத்தன். அங்கால சோதினையில வெள்ளைக்காரன் நிக்கான். அவன் திருப்பி அனுப்பினா இன்னும் சுணங்கும். உங்கட தகடு நெடுகவும் இதுக்குள்ள விழுறதுதானே. எடுத்துப் பூட்டுங்க, நானும் வாறன்."

அவர் கெட்ட மனிதர் அல்ல. போன தரம் வந்தபோது விழுந்திருக்கும் என்று மாமா தண்ணீரில் இறங்க, சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு அவரும் இறங்கினார். பாதைக்காரரும் இறங்கினார். அக்கரைத் துறையிலிருந்து ஆசுபத்திரி தூரம், அங்கே வேறு வண்டியும் நிற்பதில்லை. இந்தக் கார் கடந்தால்தான் உண்டு. மூன்று பேரும் தலையைக் குனிந்துகொண்டு, காலால் தடவித் தடவி, வட்டம் வட்டமாக நடந்தார்கள். அக்கா கத்துவதை நிறுத்தி முனகத் தொடங்கியிருந்தா. என் விரல்களை நொறுக்குவதுபோல நெரித்தா.

தகடு எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். வாய் திறந்தால் போதும். திறக்கவில்லை. நான் இருந்தது அவர் கிடந்த தண்ணீரின் கரையில். களவெட்டியில் சொல்லக்கூடாததை இங்கே சொல்லலாமா? சொன்னால் அவருக்குக் கேட்கும், இவ்வளவு செய்ததும் வீணாகும் என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். கரையில் நின்ற கண்ணாமரத்தின் நிழல் காரைத் தாண்டி, சுருங்கி, வேருக்குள் போய்விட்டது.

"கிடைச்சிட்டு!" என்று மாமா கத்தினார்.

குனிந்து இரண்டு கையாலும் இழுத்தார். வந்தது கறுத்துப்போன ஒரு தகடு. பாசி தொங்கியது. விளிம்பில் சிப்பிகள் அப்பியிருந்தன. பின்னால் தாங்கி இரும்பும் அதன் இரண்டு ஆணிகளும் அப்படியே இருந்தன. மாமா பெருவிரலால் சேற்றை வழித்தார். அதே இலக்கம்.

பாதைக்காரர் பின்னுக்கு நடந்தே கரையேறினார், தண்ணீருக்கு முதுகைக் காட்டாமல். பொலிஸ்காரர் சப்பாத்தைக் கையில் வைத்துக்கொண்டு மாட்ட மறந்து நின்றார். மாமா தாங்கியைக் காரின் பழைய துளைகளில் வைத்தார். அது போய்ப் பொருந்தியது. இத்தனை மாதம் கம்பியும் பலகையும் தோலும் செய்யாததை அது ஒரு நொடியில் செய்தது. ஏறும்போது சில்லுக் குலுங்கியது, தகடு அசையவில்லை. அக்கரை போய்ச்சேரும்வரை கழி தண்ணீரில் இறங்கி ஏறும் சத்தம் மட்டுமே கேட்டது. நான் கண்ணை மூடிக்கொண்டிருந்தேன். ஆசனத்தில் எங்கள் எல்லோரையும் தவிர இன்னொருவர் இருந்தாலும் அவரை நான் பார்க்க விரும்பவில்லை.

பிள்ளை ஆண்பிள்ளை. அது அழவில்லை. அக்கா பிழைத்துக்கொண்டா.

ஒரு மணித்தியாலம் முந்தி வந்திருந்தால் இரண்டு உயிரையும் தந்திருப்பேன் என்று டாக்குத்தர் சொன்னாராம். அம்மா அதைப் பலநாள் வருகிறவர் போகிறவருக்கெல்லாம் சொன்னார். அந்த ஒரு மணித்தியாலத்தை எடுத்தது யார் என்பதில் ஊருக்குச் சந்தேகமே இருக்கவில்லை. செத்தவர் புதிய தகட்டைப் பிடுங்கித் தன்னிடம் வைத்துக்கொண்டு, தன் தகட்டைக் கொடுத்து, பிள்ளையைப் பதிலுக்கு வாங்கிக்கொண்டார் என்றார்கள். மாமா காரை விற்றுவிட்டார். வாங்கியவர் வேறு ஊர்க்காரர். மாமா பிறகு எதையும் அவ்வளவு ஆசையாகப் பூட்டியதும் இல்லை, கழற்றியதும் இல்லை.

எனக்கோ என் தவறு எது என்று துறையிலேயே தெரிந்துவிட்டது. பொலிஸ்காரர் வாசித்தபோதே உறைத்தது. பின்பக்கத்துத் தகட்டை மறந்துவிட்டேன்! அதைப் பார்த்துத்தான் தண்ணீருக்குள் இருந்தவர் கண்டுகொண்டார். அதையும் கழற்றியிருந்தால் பிள்ளை இருந்திருக்கும். இந்த நினைப்பு என்னைச் சோறு தின்ன விடவில்லை.

அக்கா வீட்டுக்கு வந்து சில நாள் போனபின், அறைக்குள் தனியாகப் படுத்திருந்தபோது போய்ச் சொன்னேன். முன் தகட்டை நான்தான் கழற்றி வைக்கோலுக்குள் ஒளித்தேன், பின் தகட்டை மறந்துபோனேன், என்னில் கோபிக்காதே அக்கா என்றேன்.

அக்கா என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தா. அவவுடைய முகத்தில் என்னென்னவோ வந்து போயிற்று. ஒருமுறை கையை ஓங்குவதுபோல எடுத்தா. பிறகு அந்தக் கையாலேயே என் தலையை இழுத்துத் தன் நெஞ்சில் அழுத்திக்கொண்டா. எனக்கு மூச்சு முட்டியது.

"ஆரிட்டயும் சொன்னியா?"

"இல்ல."

"சொல்லிப்போடாத, மனே. அம்மாட்டயும் மாமாட்டயும் கூட. ஒருக்காலும் சொல்லிப்போடாத."

"அவருக்குக் கேட்டிருமா அக்கா?"

அக்கா என் காதுக்குப் பின்னால் மயிரை ஒதுக்கிவிட்டா.

"ஓம்," என்றா. "கேட்டிரும்."

இரண்டு நாள் கழித்து வைக்கோற்போருக்குள் கையை விட்டுப் பார்த்தேன். தகடு அங்கே இல்லை. பயத்தில் அக்காவிடம் ஓடினேன். அவர் வீட்டுக்கே வந்து எடுத்துக்கொண்டு போய்விட்டார் என்று சொன்னேன். அக்கா எண்ணெய்ப் போத்தலை எடுத்து என்னை இருத்தி, தலை இழுக்கத் தொடங்கினா.

"ஓம், கொண்டு போயிட்டார். இனி வரமாட்டார்," என்றா.

பின்னல் போட அவ கைகளை முன்னே கொண்டுவந்தபோது, மணிக்கட்டிலிருந்து முழங்கை தாண்டி மெல்லிய சிவப்புக் கீறல்கள் தெரிந்தன. ஆசுபத்திரியில் ஊசி போட்ட தழும்பு என்று நினைத்து, நோகுதா அக்கா என்று கேட்டேன்.