கோத்து வைத்த நூற்றிருபது வார்த்தைகள்

ஐயம்பேட்டையில் பட்டு நெய்யும் ஏலவார்குழலிக்குக் காஞ்சிபுரத்துக் கோயில்கள் எல்லாம் அத்துப்படி. அதை ஆங்கிலத்தில் சொல்லத்தான் வாயில் வார்த்தை கிடையாது. ஒரு சுற்றுலா நிறுவனத்தில் வழிகாட்டி வேலைக்கு இரண்டு முறை நேர்காணல் போனாள். கோபுரமும் ‘நைஸ்’, தூணும் ‘நைஸ்’, குளமும் ‘நைஸ்’ என்றால் யார் வேலை கொடுப்பார்கள்? இன்னும் ஒரு முறை வரலாம், அதுதான் கடைசி என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

அம்மணிக்கு ரோஷம் வந்துவிட்டது. சேலையில் டிசைன் விழுவதற்காக, நெய்கிற நாங்கள் ஓட்டை போட்ட அட்டைகளை வரிசையாகக் கோத்துத் தறிக்கு மேலே மாட்டியிருப்போம். தேய்ந்துபோன பழைய அட்டைகளை எடுத்து, ஒன்றுக்கு ஒரு கடினமான ஆங்கில வார்த்தையாக எழுதி, அதே மாதிரி கயிற்றில் கோத்துப் பக்கத்தில் தொங்கவிட்டாள். தறி மிதியை ஒரு தடவை அழுத்தினால் ஒரு வார்த்தை, மறு தடவை அடுத்தது. மூன்றே மாதத்தில் நூற்றிருபதையும் மூச்சுவிடாமல் ஒப்பித்தாள். எதிர் வீட்டில் நெய்கிற எனக்குப் பொறாமையாகவே இருந்தது.

நேர்காணலுக்கு நான்கு நாள் இருக்கும்போது அவள் கணவன் ஆனந்தகுமார் விளையாட்டாகக் கேட்டான். “நுணுக்கமான வேலைப்பாடுன்றதுக்கு இன்னாம்மா?”

அவள் கால் மிதியை அழுத்துகிறது. உதடு முதல் வார்த்தையிலிருந்து முணுமுணுக்கிறது. நாற்பதைத் தாண்டிய பிறகுதான் “இன்ட்ரிகேட்!” என்றாள்.

“அதுக்குள்ள வெள்ளக்காரன் ஏர்போர்ட்டுக்கே போய்டுவான்.”

அவள் மிதியிலிருந்து காலை எடுத்துவிட்டாள். “வரிசையாதாங்க வருது. நடுவுல கேட்டா வரமாட்டேங்குது. இப்ப இன்னா பண்றது?”

ஆனந்தகுமார் கத்தரியை எடுத்துக் கயிற்றை நறுக்கென்று வெட்டினான். “ஐயோ!” என்று அலறிவிட்டாள். நெய்கிற வீட்டில் அட்டைக் கோவையை அறுக்க யாருக்கு மனசு வரும்? அவனோ சீட்டுக்கட்டு மாதிரி கலைத்துப் போட்டுவிட்டான். சாப்பிடும்போது ஒன்று, ஷேர் ஆட்டோவில் ஒன்று என்று நான்கு நாளும் கேட்டுப் பிடுங்கி எடுத்தான். அவளும் திட்டிக்கொண்டே பதில் சொன்னாள்.

நேர்காணலில் கைலாசநாதர் கோயில் சிங்கத் தூண்களைப் பற்றிக் கேட்டார்களாம். ‘இன்ட்ரிகேட்’ தனியாக வந்தது, முன்னால் இருக்கும் நாற்பதையும் இழுத்துக்கொண்டு வராமல். பிறகு மணற்கல் அரித்துப்போனதைச் சொல்ல ஒரு வார்த்தை, மெருகைச் சொல்ல ஒரு வார்த்தை என்று நினைத்ததெல்லாம் நினைத்த இடத்தில் வந்தன. திங்கட்கிழமை வேலைக்கு வரச் சொல்லிவிட்டார்கள்.

வெளியே வந்து படியில் உட்கார்ந்து வீட்டுக்குப் போன் போட்டாள். “கெடச்சிடுச்சிங்க!”

“இன்னொரு தடவ சொல்லும்மா,” என்றான் ஆனந்தகுமார்.

“கெடச்சிடுச்சி. இன்னாங்க, தறிச் சத்தமே கேக்கல?”

“காலையிலேர்ந்து ஒரு இழை ஓட்டலம்மா. போனையே பாத்துக்கினு உக்காந்திருக்கேன்.”

அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. அப்பாடா என்று அழுதாள்.