மேலுக்குப் பளபளப்பு

குடிநீர் மீட்டர் அளவெடுக்கும் பெண்களில் அவளை மட்டும்தான் அலுவலகத்தில் ‘பூட்ஸக்கா’ என்று கூப்பிடுவார்கள். மேலதிகாரி கூட ஒருமுறை வருகைப் பதிவேட்டைப் பார்த்து, “யார் இது?” என்று கேட்டுவிட்டு, “ஓ, நம்ம பூட்ஸக்காவா” என்றார். அவளுக்கு அதில் வருத்தம் எதுவும் இல்லை. உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைதான்.

மாதத்தின் முதல் பாதி முழுக்க நடை. சந்து சந்தாகப் போக வேண்டும், குழிமூடியைத் தூக்கிக் குனிந்து எண்ணைப் பார்க்க வேண்டும், குரைக்கிற நாயை வீட்டுக்காரர் பிடித்துக்கொள்கிற வரை வாசலில் நிற்க வேண்டும். சில வருடங்களிலேயே குதிகால் அவளைப் பழிவாங்க ஆரம்பித்தது. காலையில் கட்டிலை விட்டு இறங்கிய முதல் அடி ஆணிமேல் வைத்த மாதிரி இருக்கும். மலிவான ஷூக்கள் ஒவ்வொன்றாக வாங்கிப் பார்த்து ஓய்ந்த பிறகுதான் நல்ல தோல் பூட்ஸ் ஒன்று வாங்கியே தீருவது என்று முடிவெடுத்தாள்.

கடைக்கு மாலையில்தான் போனாள். நடந்து முடித்த கால் வீங்கியிருக்கும், அந்த அளவுக்கு வாங்கினால்தான் நாள் முழுக்க இறுக்காது. இரண்டு காலையும் அளக்கச் சொன்னாள். ஒவ்வொரு ஜோடியையும் மோந்து பார்த்தாள், வளைத்துப் பார்த்தாள், அடிப்பாகம் ஒட்டியதா தைத்ததா என்று ஓரத்தை நகத்தால் கீறிப் பார்த்தாள். தைத்ததாக இருந்தால் தேயும்போது அடியை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். பிறகு கடையின் படியில் ஏறி இறங்கினாள். இறங்கும்போது விரல் முன்னால் இடிக்கக் கூடாது, ஏறும்போது குதிகால் கழலக் கூடாது.

அச்சகத்தில் வேலை பார்க்கும் அவள் கணவர் ஸ்டூலில் உட்கார்ந்து தூங்கி விழுந்துகொண்டிருந்தார். “என்னைக் கட்டிக்கறதுக்குக்கூட நீ இவ்வளவு யோசிக்கல” என்றார்.

“யோசிச்சிருக்கணும்” என்றாள்.

கரும்பழுப்பு நிறம், கணுக்காலுக்கு மேலே ஏறி நிற்கும் உயரம். முதலில் வீட்டுக்குள்ளேயே தடித்த காலுறையோடு போட்டுப் பழக்கினாள். அடுப்படியில் பூட்ஸ் போட்டுக்கொண்டு சமைக்கும் பெண்ணை அவள் கணவர் வேறெங்கும் பார்த்ததில்லை. கொப்புளம் வந்தது, போனது. அப்புறம் தோல் இளகி அவள் காலின் வடிவத்துக்கே வந்துவிட்டது. தினமும் மாலையில் பிரஷ்ஷால் புழுதி தட்டுவாள். ஈரத்துணியால் துடைத்து, காயவிட்டு, பழைய பனியன் துணியை விரலில் சுற்றி க்ரீம் தடவுவாள். தையல் இடுக்குக்குப் பல்துலக்கும் பிரஷ். மழையில் நனைந்துவிட்டால் உள்ளே செய்தித்தாளைத் திணித்து நிழலில் வைப்பாள். அடுப்புப் பக்கமோ வெயில் பக்கமோ கொண்டுபோக யாரையும் விடமாட்டாள். குதிகால் வலி போயே போய்விட்டது.

அவளுக்கு ஒரே தங்கச்சி. இருவருக்கும் சின்ன வயதிலிருந்தே கால் ஒரே அளவு, கை மட்டும் வேறு. அக்காவின் கையில் எதுவும் வருஷக்கணக்கில் இருக்கும். தங்கச்சியின் கைக்குப் போன குடை கம்பி முறிந்து வரும், குக்கர் ரப்பர் வளையம் இல்லாமல் வரும். செருப்பை அவள் கழற்றி யாரும் பார்த்ததில்லை, உதறுவாள். ஆனால் பாசக்காரி. அவள் வந்தால் வீடே கலகலவென்று ஆகிவிடும்.

தங்கச்சி வேலை பார்த்த கம்பெனியை மூடிவிட்டார்கள். நெடுநாள் வேலை இல்லாமல் அலைந்தவளுக்குக் கடைசியில் புதிதாக எழும்பும் ஒரு கட்டடத்தில் டைல்ஸ் வேலையை மேற்பார்வை பார்க்கும் வேலை கிடைத்தது. சேர வேண்டியதற்கு முந்தைய நாள் மாலை மூச்சு வாங்க ஓடி வந்தாள்.

“அக்கா, நாளைக்கு வேலைல சேரணும். கணுக்கால் மூடற மாதிரி பூட்ஸ் இல்லன்னா கேட்லயே நிறுத்திடுவாங்களாம். உன்னோடதைக் குடு. உனக்குத்தான் ரவுண்டு முடிஞ்சிருச்சே, மாசக் கடைசி வரைக்கும் ஆபீஸ்ல உக்காந்துதானே வேலை.”

அவள் சொன்னதெல்லாம் உண்மை. பூட்ஸ் அப்போது உள்ளறையில் கட்டிலுக்கு அடியில், விரித்த செய்தித்தாளின் மேல் சும்மாதான் இருந்தது. ஆனால் சிமெண்டும் சுண்ணாம்பும் மிதித்து, மடித்து, உதறி, இன்னொரு காலின் வடிவத்துக்கு மாறி அது திரும்பி வரும் கோலம் அக்காவின் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது. வாய் தானாகவே சொன்னது.

“அடி மாத்தக் குடுத்திருக்கேன்டி. வர நாளாகும்.”

“ஐயோ, இப்ப நான் என்ன பண்றது?”

“இரு. பழைய ஜோடி ஒண்ணு இருக்கு.”

பால்கனியில் வாளிக்குப் பின்னால் கிடந்த பழைய பூட்ஸை எடுத்துவந்தாள். மொட்டைமாடி கழுவும்போது மட்டும் போடுவது. திருப்பிப் பார்த்தாள். கட்டைவிரலால் குதிகால் பக்கம் தடவினாள். கோடுகள் எல்லாம் தேய்ந்து, கரைந்த சோப்பு மாதிரி வழவழவென்று இருந்தது. கொஞ்ச நாளைக்குத்தானே என்று நினைத்துக்கொண்டாள்.

தங்கச்சி சாப்பிடுகிற நேரத்தில் உட்கார்ந்து அதற்குப் பாலிஷ் போட்டாள். தன்னுடையதற்குக்கூட அப்படிப் போட்டதில்லை. முனையில் விளக்கு வெளிச்சம் தெரிகிற அளவுக்குத் தேய்த்தாள். மேல்பக்கம் மின்னினால் கீழ்ப்பக்கத்தை யாரும் பார்க்கமாட்டார்கள் என்று கைக்குத் தெரிந்திருந்தது. மனசு அதைக் கேட்காத மாதிரி இருந்தது.

“என்னக்கா இது, புதுசு மாதிரி ஆக்கிட்ட” என்று தங்கச்சி பின்னாலிருந்து கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

அந்த வாரமே மழை பிடித்தது. கட்டடத்தில் மாடிப்படி இன்னும் போடவில்லை. சாய்வாகப் பலகை அடித்து அதில்தான் ஏறி இறங்கினார்கள். தங்கச்சி இறங்கும்போது கால் வழுக்கி வாரிவிட்டது. அலுவலகத்தில் பட்டியல் சரிபார்த்துக்கொண்டிருந்த அக்காவுக்கு ஃபோன் வந்தது. பேசியவர் மேஸ்திரி. “பயப்படாதீங்கம்மா, பேச்சு மூச்செல்லாம் நல்லா இருக்கு, கால்தான்” என்றார்.

கணுக்கால் இரண்டு இடத்தில் உடைந்திருந்தது. தகடு வைத்துத் திருகாணி போட்டார்கள். நர்ஸ் ஒரு பிளாஸ்டிக் பையைக் கொண்டுவந்து அக்காவின் கையில் கொடுத்தாள். உள்ளே அந்தப் பூட்ஸ் இருந்தது. ஒன்றைக் கத்தரிக்கோலால் பக்கவாட்டில் வெட்டிக் கழற்றியிருந்தார்கள். சேறு படாத இடத்தில் பாலிஷ் இன்னும் மின்னியது.

மயக்கம் தெளிந்ததும் தங்கச்சி கேட்ட முதல் கேள்வி, “மணி என்ன?” இரண்டாவதாகச் சொன்னது இது: “உன் பூட்ஸை வெட்டிட்டாங்கக்கா. வேணாம்னு சொன்னேன், கேக்கல. கோச்சுக்காத.”

அக்கா தண்ணீர் எடுத்துவரும் சாக்கில் வெளியே போய், வராந்தாவில் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

தங்கச்சி இருந்தது மாடியறை. அங்கே ஏற முடியாது என்பதால் அக்காவே தன் வீட்டுக்குக் கூட்டிவந்தாள். கட்டிலையும் கொடுத்தாள். அதற்கு முன் அவசர அவசரமாகக் கட்டிலடியிலிருந்த பூட்ஸை ஒரு பிளாஸ்டிக் பையில் சுற்றி இறுக்கிக் கட்டி, பரணில் போர்வைகளுக்குப் பின்னால் தள்ளினாள். தோலுக்குக் காற்று வேண்டும் என்று ஊருக்கெல்லாம் சொல்கிறவள் அவள்.

மறு மாதம் ரவுண்டு தொடங்கியது. கேன்வாஸ் ஷூவில் போனாள். குதிகால் வலி பழையபடி வந்தது. சாயங்காலம் அவள் நொண்டிக்கொண்டு வருவதைப் பார்த்து, கட்டுப்போட்ட காலோடு படுத்திருந்த தங்கச்சி பதறினாள்.

“இன்னுமா தைச்சுக் குடுக்கல? நம்பர் குடு, நான் பேசறேன். படுத்துட்டு சும்மாதானே இருக்கேன், நல்லா நாலு வார்த்தை கேக்கறேன்.”

“அவர் ஊர்ல இல்லடி.”

“ஊருக்குப் போறவன் ஏன் வேலை வாங்கி வெச்சுக்கறான்? இப்படி உக்காரு, காலை நீட்டு. கை நல்லாத்தானே இருக்கு எனக்கு, பிடிச்சு விடறேன்.”

வேண்டாம் என்றால் விடமாட்டாள். அக்கா காலை நீட்டினாள். தங்கச்சியின் விரல் அழுத்த அழுத்த, இந்த வலி தனக்கு வேண்டியதுதான் என்று தோன்றியது. அதைக்கூட அவளே பிடித்துவிட்டுப் போக்குகிறாளே என்றும் தோன்றியது. சொல்லிவிடலாம் என்று வாய் திறந்தால், “காபி வேணுமா?” என்றுதான் வந்தது.

கணவருக்கு விஷயம் புரிய அதிக நாள் பிடிக்கவில்லை. அந்த வீட்டில் பூட்ஸ் காணாமல் போனால் யாருக்கும் தெரியும். அடுக்களையில் தனியாக இருக்கும்போது மெதுவாகக் கேட்டார்.

“பரண்லதானே இருக்கு?”

அவள் அரிசி களைவதை நிறுத்தவில்லை.

“சொல்லிடு. நான் வாய்தவறிச் சொல்லிட்டா அது வேற மாதிரி ஆயிடும்.”

“கட்டுப் பிரிக்கட்டும்.”

“கட்டுப் பிரிச்சா நல்லா நடக்கட்டும்னு சொல்லுவ” என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.

கட்டுப் பிரித்தார்கள். கால் மெலிந்து, தோல் உரிந்து, யாருடையதோ போல இருந்தது. கணுக்காலை இறுக்கிப் பிடிக்கிற மாதிரி உயரமான, கெட்டியான பூட்ஸ் போட்டுத்தான் கொஞ்ச காலம் நடக்க வேண்டும் என்றார் டாக்டர். தங்கச்சி திரும்பி அக்காவைப் பார்த்துச் சிரித்தாள். “உன் தையக்காரன் எப்ப வருவான்?”

அன்று தங்கச்சி தூங்குகிறாள் என்று நினைத்து அக்கா ஸ்டூல் போட்டுப் பையை இறக்கினாள். பிரித்ததும் வாடை அடித்தது. பூட்ஸ் முழுக்க வெளுத்த பச்சையாகப் பூசணம் பூத்திருந்தது. பால்கனியில் உட்கார்ந்து துடைக்க ஆரம்பித்தாள். பின்னால் ஊன்றுகோல் சத்தம் கேட்டது.

“வந்துருச்சா?” என்றாள் தங்கச்சி.

‘ஆமாம்’ என்று சொன்னால் போதும். தங்கச்சியே பதிலை எடுத்துக் கொடுத்துவிட்டாள். அக்கா துணியைக் கீழே வைத்தாள்.

“எங்கயும் போகல. கட்டிலுக்கு அடியிலதான் இருந்துச்சு. அப்புறம் பரண்ல.”

தங்கச்சிக்கு முதலில் விளங்கவில்லை. கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். விளங்கியதும் முகம் மாறியது.

“அன்னிக்கு நான் கேட்டப்பவா?”

“ஆமா.”

“நீ குடுத்த பூட்ஸ்ல அடி தேஞ்சிருந்தது. அது உனக்குத் தெரியுமா?”

“தெரியும். தடவிப் பாத்தேன்.”

“பாத்துட்டுத்தான் பாலிஷ் போட்டியா?”

அக்கா தலையை மட்டும் ஆட்டினாள். தங்கச்சி கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. ஊன்றுகோலைத் திருப்பிக்கொண்டு உள்ளே போனாள். மறுநாள் காலையில், “மாமா, ஒரு வண்டி சொல்லுங்க” என்று கேட்டு, தரைத்தளத்தில் இருக்கும் ஒரு சிநேகிதியின் வீட்டுக்குப் போய்விட்டாள். அவள் துணிகளை அவர் தூக்கிக்கொண்டு போனார். அக்கா வாசல் வரை வந்தாள், அதற்கு மேல் வரத் தைரியம் இல்லை.

அதன்பிறகு பேச்சில்லை. ஃபோன் அடித்துக்கொண்டே இருக்கும், தங்கச்சி எடுக்கமாட்டாள். அக்கா கணவர் கையில் சாப்பாடு கொடுத்தனுப்புவாள். பாத்திரங்கள் திரும்பி வரும், ஒன்றுவிடாமல், மூடியோடு, கழுவித் துடைத்து. தங்கச்சியிடமிருந்து எதுவும் அப்படி வந்ததே இல்லை. வேற்று மனுஷி வீட்டிலிருந்து வந்த பாத்திரம் மாதிரி இருந்தது அது. அக்கா அதை அலமாரியில் வைக்க மனமில்லாமல் மறுபடியும் ஒருமுறை கழுவி வைத்தாள். பூட்ஸைத் துடைத்து, காயவைத்து, க்ரீம் போட்டு மீட்டெடுத்துவிட்டாள், ஆனால் போடவில்லை. போட்டால் கால் வலிக்காது என்பதே காரணம்.

ஒருநாள் தங்கச்சி அவளாகவே கூப்பிட்டாள். நலம் விசாரிக்கவில்லை. “பூட்ஸ் வாங்கப் போறேன். எனக்கு இதெல்லாம் பாக்கத் தெரியாது. சாயங்காலம் கடைக்கு வந்துடு.”

கடையில் இருவரும் அதிகம் பேசவில்லை. அளந்து பார்த்தபோது, தகடு வைத்த கால் மற்றதைவிட ஒரு அளவு பெரிதாக இருந்தது. இனி இருவருக்கும் ஒரே அளவு இல்லை. கடைக்காரம்மா, “பெரிய காலுக்கு வாங்கிக்கங்க, இன்னொண்ணுக்கு உள்ளே அட்டை வெச்சுடலாம்” என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போனாள். அக்கா தரையில் உட்கார்ந்து கயிற்றைக் கோத்தாள். தலையை நிமிர்த்தவில்லை.

“இறுக்காத. வலிக்குது.”

தளர்த்தினாள்.

“நான் ஃபோன் பேசிட்டேதான் இறங்கினேன்” என்றாள் தங்கச்சி. “பிடிச்சுக்கறதுக்குப் பக்கத்துல கயிறு கட்டி வெச்சிருந்தாங்க, நான் பிடிக்கல. மேஸ்திரியும் கத்தினார். அது என் தப்பு.”

அக்கா அடுத்த துளையில் கயிற்றைக் கோத்தாள்.

“அதுக்காக உன்னைச் சும்மா விட்டுட்டேன்னு நினைக்காத. தர மாட்டேன்னு மூஞ்சிக்கு நேரா சொல்லியிருக்கலாம் நீ. திட்டிட்டுப் போய் வேற யார்கிட்டயாவது வாங்கியிருப்பேன். எனக்கென்ன, திட்டத் தெரியாதா?”

“தெரியும்.”

“அப்புறம்?”

“நல்லவளாவும் இருக்கணும்னு பாத்தேன்” என்றாள் அக்கா.

தங்கச்சி எழுந்து, அக்காவின் தோளை ஊன்றிக்கொண்டு கடையின் படியில் ஏறினாள், இறங்கினாள். குதிகால் கழலுகிறதா என்று கீழேயிருந்து பார்த்துக்கொண்டே வந்தாள் அக்கா. அந்த ஜோடி சரியில்லை. வேறு எடுக்கச் சொன்னாள்.

அந்த வருஷமே தங்கச்சி அதே கட்டடத்துக்குத் திரும்பினாள். இப்போது உள்ளே உட்கார்ந்து பார்க்கிற வேலை. குளிர் நாளில் கொஞ்சம் சாய்ந்து நடப்பாள். பழையபடி வீட்டுக்கு வருகிறாள், சிரிக்கிறாள், பாத்திரத்தை மூடியில்லாமல் திருப்பித் தருகிறாள். ஆனால் மழை பெய்யும் காலைகளில் அவள் மேசைக்கு ஃபோன் வருவது மட்டும் நிற்கவில்லை.

“தரை ஈரமா இருக்காடி?”

“அக்கா, நான் நாற்காலில உக்காந்திருக்கேன்.”

“படி?”

“லிஃப்ட் வெச்சுட்டாங்க.”

“லிஃப்ட் வாசல்ல தண்ணி தேங்கும், பாத்து.”

“சரி, வை” என்பாள் தங்கச்சி. அக்கா வைத்துவிட்டு, குடையை எடுத்துக்கொண்டு, மீட்டர் பார்க்க இறங்குவாள்.