உதாரணத்தோடு எழுது

புதிதாக வந்திறங்கும் மாணவர்கள் அவளுக்கு வைத்த பெயர் செக்போஸ்ட். பல்கலைக்கழகம் அவளுக்குக் கொடுத்திருந்த பொறுப்பின் பெயர் துணை மாணவி. தன் நாட்டிலிருந்து வரும் முதலாண்டுக்காரர்களை ரயில் நிலையத்தில் எதிர்கொண்டு, அறை காட்டி, வங்கிக்கும் பதிவு அலுவலகத்துக்கும் கூட்டிப்போய், முதல் பருவம் முடியும்வரை வாரம் ஒருமுறை பார்த்துப் பேசவேண்டும். பதிலுக்கு விடுதியில் ஓர் அறை. ஜன்னலைத் திறந்தால் குப்பைத்தொட்டிகள்தான். ஆனாலும் தனி அறை.

ரயிலிலிருந்து இறங்கியவர்களை அவள் சௌக்கியம் கேட்கமாட்டாள். நடைமேடையிலேயே நிறுத்தி, "பேப்பரை எடு" என்பாள். சேர்க்கைக் கடிதம், மருத்துவச் சான்று, காப்பீடு. ஒன்று குறைந்தாலும், "இதையே ஒழுங்கா கொண்டுவரத் தெரியல, நீயெல்லாம் படிச்சு கிழிக்கப்போற" என்பாள். ஐந்து வருடங்களுக்கு முன் அவள் வந்தபோது எதிர்கொள்ள யாரும் இல்லை. ஒரு சான்று கொடுக்கத் தவறி ஒரு வருடமே வீணானது. அவள் கையில் வந்த யாருக்கும் அப்படி நேர்ந்ததில்லை.

ஊரில் அவள் அப்பா லாரிகளுக்கு டயர் மாற்றுபவர். போன் செய்தால் ஒரே கேள்விதான். "எப்பம்மா முடியும்?"

"இன்னும் அஞ்சு மாசம்பா."

அந்த வருடம் வந்தவர்களில் ஒருத்தி மூன்று துணிமூட்டைகளோடு இறங்கினாள்.

"என்னடி இது, குடித்தனம் பண்ண வந்தியா?"

"அம்மா கட்டிக் குடுத்தாங்கக்கா."

"அம்மாவையும் சேர்த்துக் கட்டியிருக்கலாமே!"

கூட வந்தவர்கள் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். அன்றிலிருந்து அவள் பெயர் மூட்டை.

மூட்டையின் கட்டணச் சலுகைக் கடிதத்தைச் செக்போஸ்ட் நின்றபடியே முழுதாகப் படித்தாள். ஒரு வரியில் விரலை வைத்தாள். "ஏழாவது வரி. நன்னடத்தை. உன் கோப்புல ஒரு கரும்புள்ளி விழுந்தா சலுகை போச்சு. மனப்பாடம் பண்ணு."

மூட்டை மனப்பாடம் செய்தாள்.

முதல் கட்டுரையைச் செக்போஸ்ட் மூன்று தடவை கிழித்துப் போட்டாள். "நல்லா இருக்குன்னு எழுதினா ஆச்சா? ஏன் நல்லா இருக்கு? எத்தனை? எப்போ? உதாரணத்தோடு எழுது." நான்காவது தடவை, "பரவால்ல" என்றாள். அன்று மூட்டை வீட்டுக்குப் போன் செய்து, "எனக்கு இங்க ஒரு அக்கா இருக்காங்கம்மா" என்றாள்.

வெளிநாட்டு மாணவர்கள் வாரத்துக்கு இருபது மணி நேரம் மட்டுமே வேலை செய்யலாம் என்பது சட்டம். மீறினால் அனுமதி ரத்து, திரும்ப அனுப்பிவிடுவார்கள். இதைப் புதியவர்களுக்கு முதல் நாளே சொல்லிவிடும் செக்போஸ்ட், ஒரு ஹோட்டலின் சலவைக்கூடத்தில் முப்பத்தைந்து மணி நேரம் வேலை செய்தாள். இருபது அவள் பெயரில். மீதி, பிள்ளை பெற்று வீட்டிலிருந்த இன்னொருத்தியின் வேலைநேர அட்டையில். ஈரப் படுக்கைவிரிப்பின் இரு முனைகளையும் பிடித்துச் சூடான இஸ்திரி உருளைகளுக்கு நடுவே விடவேண்டும். மணிக்கட்டில் வரிவரியாகச் சூட்டுத் தழும்புகள். ஒரு வியாழக்கிழமை படிவத்தில் கையெழுத்து வாங்கத் தேடிவந்த மூட்டை, சலவைக்கூட வாசலில் நின்று, இரண்டு அட்டைகளிலும் இருந்த மணிக்கணக்கு உட்பட எல்லாவற்றையும் பார்த்தாள்.

"வாய தொறந்தா தெரியும்" என்றாள் செக்போஸ்ட்.

மூட்டை ஒருவரிடமும் வாய் திறக்கவில்லை. சிறந்த துணை மாணவிக்கான பரிசுக்குப் பெயர் கேட்டு அறிவிப்பு வந்தபோதுதான் எழுதினாள். வாரத்துக்கு முப்பத்தைந்து மணி நேரம் சலவைக்கூடத்தில் நின்று, மணிக்கட்டெல்லாம் வெந்துபோன பிறகும் எங்கள் கட்டுரைகளைத் திருத்த வருகிறார். உதாரணமாக, சென்ற மாதம் பன்னிரண்டாம் தேதி, வியாழக்கிழமை...

பிழையே இல்லாத கட்டுரை. அவள் எழுதியவற்றில் அதுதான் சிறந்தது.

மாணவர் அலுவலக அம்மாள் செக்போஸ்டைக் கூப்பிட்டு, தாளை மேசையில் நகர்த்தினாள். "ரொம்ப உருக்கமா எழுதியிருக்கா. இந்த மணிக்கணக்கு நிஜமா? உன் அட்டையில இருபதுதானே இருக்கு?"

செக்போஸ்ட் ஸ்வெட்டர் கைகளை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"மிகைப்படுத்திட்டா மேடம். எனக்குப் பரிசு கிடைக்கணும்னு."

"அப்படின்னா அவளே எழுதிக் குடுக்கட்டும். வெள்ளிக்கிழமைக்குள்ள."

மூட்டை அழுதுமுடிக்கும்வரை செக்போஸ்ட் பொறுத்திருந்தாள். பிறகு பேனாவை நீட்டினாள்.

"நான் நல்லதுக்குத்தானேக்கா எழுதினேன்."

"நல்லதுக்கு எழுதின லட்சணம், என்னை மூட்டை கட்ட வைக்குது. நாலு மாசம்டி இன்னும். எங்கப்பா டயர் கடையில குனிஞ்சே கிடக்காரு. உனக்கு ஒரு திட்டு விழும். அவ்ளோதான்."

"அந்த ஏழாவது வரி?"

செக்போஸ்ட் நிமிர்ந்து பார்க்கவில்லை. "அதெல்லாம் சும்மா போட்டு வைப்பாங்க. மேல தேதி போடு."

மூட்டை தேதி போட்டாள். நான் எழுதியது உண்மையல்ல என்று எழுதினாள். அதுவரை வாசித்த செக்போஸ்ட் தாளைத் திருப்பிக் கொடுத்தாள்.

"எது உண்மையில்ல? எத்தனை மணி நேரம்னு பொய் சொன்ன? தெளிவா எழுது."

மூன்றாவது தாளில் சரியாக வந்தது.

பல்கலைக்கழக ஒழுங்கு விசாரணைக் குழு இரண்டு வாரம் எடுத்துக்கொண்டது. பல்கலைக்கழகத்துக்குத் தெரிந்தே பொய்யான கடிதம் கொடுத்தாள் என்று மூட்டையின் கோப்பில் எழுதியது. சலுகை அந்த மாதமே நின்றது. முழுக் கட்டணத்தை அவள் அம்மா நான்கு ஆயுசு உழைத்தாலும் கட்டமுடியாது. அந்த வருடம் பரிசு வேறொருத்திக்குப் போயிற்று. "நீயும் பாவம், உன்னை இதுல இழுத்துவிட்டுட்டா" என்றாள் அலுவலக அம்மாள் செக்போஸ்டிடம்.

படிப்பைக் கைவிட்டுப் போகிறவர்களை வழியனுப்புவதும் துணை மாணவியின் கடமைகளில் ஒன்று. செக்போஸ்ட் இரண்டு மூட்டைகளைத் தானே தூக்கினாள். எந்தப் பெட்டி எங்கே நிற்கும் என்று அவளுக்குத் தெரியும். ரயில் வந்ததும் மூட்டை காகிதக் கட்டை எடுத்து நீட்டினாள்.

"பாக்கலியாக்கா?"

செக்போஸ்ட் வாங்கி, ஒவ்வொன்றாகப் புரட்டினாள். ஒன்றும் குறையவில்லை. தேதி வரிசைப்படி அடுக்கி வைத்திருந்தாள்.

"சரியா இருக்கு" என்றாள்.

அன்று வியாழக்கிழமை. ரயில் கிளம்பும்வரை நின்றால் வேலைக்குத் தாமதமாகிவிடும். அவள் நிற்கவில்லை.