தேசம்மாவின் வெள்ளிக்கிழமைப் பாடு

செய்தி வந்தபோது நான் ‘டயர்டு’ என்று எழுதிக்கொண்டிருந்தேன். எழுத்துக் கற்று இன்னும் ஒரு வருடம் ஆகவில்லை. ஒரு சொல்லை முடிக்க எனக்கு நேரம் பிடிக்கும். ‘ர்’ மேல் புள்ளி வைப்பதற்குள் எதிர்வீட்டு முருகேசன் வாசலில் வந்து நின்றான்.

“தேசம்மாக்கா பூட்ச்சி பெரிப்பா. நண்டுக் கூடையோட பொன்னேரி பஸ்ல ஏறும்போதே நெஞ்சப் புட்ச்சிக்கினு உக்காந்துட்ச்சாம். ஆஸ்பத்திரிக்குப் போறதுக்குள்ள…”

எனக்கு முதலில் அழுகை வரவில்லை. “வெள்ளிக்கிழம அவ பாடாச்சே!” என்றுதான் கத்தினேன். முருகேசன் என்னை ஒரு மாதிரி பார்த்தான். கோட்டைக்குப்பத்தில் அவளை அறிந்த உங்களுக்கு என் கோபம் புரியும். எதையும் பாதியில் போட்டுவிட்டுப் போவது அவள் பழக்கம். கூடையை என் வலைமேல் வைத்துவிட்டு மறந்துபோவாள். கதையைப் பாதியில் விட்டுவிட்டு பஸ்ஸுக்கு ஓடுவாள். இறந்தவரை ‘அவர்’ என்று எழுத வேண்டுமாம். அப்படி எழுதினால் வேறு யாரையோ எழுதுவது போல இருக்கிறது.

அவளுடைய பெரிய மகள் கஸ்தூரி சென்னையில் நர்ஸ். அவள் வாங்கிக்கொடுத்த போனை வைத்துக்கொண்டு தேசம்மா மதிய நேரத்தில் மீன் ஏலக்கூடத்தில், இறால் உரிக்கும் பெண்களுக்கு நடுவே உட்கார்ந்திருப்பாள். போனில் ஒரு வெளிநாட்டுப் பெண் மேடையில் மைக்கைப் பிடித்துக்கொண்டு, தான் பிள்ளை வளர்க்கும் கஷ்டத்தைச் சொல்வாள். எதிரே கூட்டம் விழுந்து விழுந்து சிரிக்கும். முழுக்க இங்கிலீஷ். தேசம்மாவும் சிரிப்பாள்.

“ஒண்ணும் புரியாம இன்னாத்துக்குச் சிரிக்கிற?” என்று எரிச்சலோடு கேட்டேன்.

“மூஞ்சப் பாரு நைனா. மூணு நாளா தூங்காத மூஞ்சி. பெத்தவ மூஞ்சியப் பட்ச்சிக்க இங்கிலீசு இன்னாத்துக்கு?”

சிரித்து முடித்தபின் கஸ்தூரிக்குப் போன் போட்டு, எந்தச் சொல்லுக்குக் கூட்டம் சிரித்தது என்று கேட்பாள். மறுநாள் ஐஸ் உடைக்கும் கட்டையை மைக் போலப் பிடித்துக்கொண்டு தானே எழுந்து நிற்பாள். “நாப்னா குட்டித் தூக்கம். கொழந்த தூங்கினா நாப். பெத்தவ தூங்கினா திமிரு.” பெண்கள் இறாலைக் கீழே போட்டுவிட்டுச் சிரிப்பார்கள். “பேபிசிட்டர்னா துட்டு வாங்கிக்கினு புள்ளையப் பாத்துக்கிறவ. துட்டு வாங்காம பாத்துக்கினா மாமியா. துட்டும் வாங்காம, புள்ளையையும் பாக்காம, சோறு மட்டும் துன்னா அது புருசன்.” அதன் பிறகு அந்தச் சொற்களை யாரும் மறக்கவில்லை. பள்ளிக்கூடத்திலும் ஆஸ்பத்திரியிலும் சொல்வதில் பாதியாவது எங்கள் பெண்களுக்குப் புரிய ஆரம்பித்தது.

அவள் ஒருத்தியே பேசிக்கொண்டிருந்ததில் மற்றவர்களுக்குக் கடுப்பு. “ஏன், எங்களுக்கு வாயில்லியா? நாங்க புள்ள பெக்கலியா?” என்று நாகம்மா சண்டைக்குப் போனாள். அப்போதுதான் தேசம்மா பாடு வைத்தாள்.

எங்கள் ஏரியில் மீன் நன்றாக விழும் இடங்கள் சில உண்டு. சீட்டுப் போட்டு, இன்ன நாள் இன்ன வீட்டுக்கு என்று பிரித்துக்கொள்வோம். அதுதான் பாடு. உன் நாளில் நீதான் வலை இறக்க வேண்டும். ஆள் செத்துப்போனால் அவன் வீட்டார் இறக்க வேண்டும். யாரும் இறக்காவிட்டால் அந்தப் பாடு போனதுதான். பெண்கள் பெயர் அதில் கிடையாது. “ஏரியில ஆம்பளைக்குப் பாடு. இங்க பெத்தவளுக்குப் பாடு” என்றாள் தேசம்மா. வெள்ளிக்கிழமைக்கு ஒருத்தி. புதிதாக மூன்று இங்கிலீஷ் சொல், பிள்ளை வளர்த்ததைப் பற்றிச் சிரிப்பாக ஒரு கதை. யாரும் சிரிக்காவிட்டாலும் முடியும்வரை நிற்க வேண்டும்.

நான் அங்கே நிழலுக்காக உட்கார்ந்து வலை தைப்பவன். என் பேத்தி புனேயில் வளர்கிறாள். போனில் அவள் பேசும் இங்கிலீஷுக்கு “ம், ம்” என்பதைத் தவிர என்னிடம் பதில் கிடையாது. அதனால் காதை மட்டும் பெண்கள் பக்கம் வைத்திருந்தேன். ஒருநாள் எல்லோருக்கும் முன்னால் சிரித்துத் தொலைத்தேன்.

“புரிஞ்சிட்ச்சா நைனா? அப்ப உனுக்கும் ஒரு பாடு.”

“பெத்தவளுக்குன்னுதான சொன்ன?”

“அம்மா செத்த பொண்ண வளத்தது யாரு, கலங்கரை வெளக்கமா? எய்ந்திரு.”

எழுந்தேன். என் மகளுக்குத் தலை பின்னிவிட்ட கதையைச் சொன்னேன். எனக்குத் தெரிந்தது வலை முடிச்சுதான். அதையே போட்டுப் பள்ளிக்கூடம் அனுப்பினேன். அன்று மழை. நனைந்த முடிச்சு இறுகிப்போனது. டீச்சர் அவிழ்த்துப் பார்த்து, ஆயா அவிழ்த்துப் பார்த்து, கடைசியில் வலை அறுக்கும் கத்தியோடு என்னை வரச் சொல்லி ஆள் அனுப்பினார்கள். ரிப்பன், ஹேர்பின், ஸாரி என்று மூன்று சொல்லும் சரியாக வைத்திருந்தேன். ஆனால் தேசம்மா சொல்ல விட்டாளா? நான் “மழை” என்றதுமே தொடையில் தட்டிச் சிரித்துவிட்டாள். அவள் சிரித்தால் எல்லோரும் சிரிப்பார்கள். கத்தி வருகிற இடத்தை யாரும் கேட்கவே இல்லை. பிறகு எத்தனை முறை சொன்னாலும் அதே இடத்தில் கெடுத்தாள். அதோடு விட்டாளா? பொன்னேரி சந்தையில் அதைத் தன் கதையாகவே சொல்லியிருக்கிறாள். ஏன் என்று கேட்டால், “நல்லா ஓடுச்சு நைனா. நண்டெல்லாம் வித்துப்போச்சு” என்கிறாள்.

நான் எழுதக் கற்றதும் அவள் தொல்லையால்தான். “சொன்ன வார்த்தைய மறுநாளே மறந்துடற. முதியோர் வகுப்புக்குப் போய் எழுதக் கத்துக்கினு வா” என்று என் வலை ஊசியைப் பிடுங்கி வைத்துக்கொண்டாள். போனேன். என் பெயரை எழுதுவதற்கு முன்பே ‘நாப்’ எழுதினேன். சின்னச் சொல். அந்தத் தாளை ஊரெல்லாம் கொண்டுபோய்க் காட்டினேன். அன்றைய சந்தோஷம் இன்றும் கை எழுதும்போதெல்லாம் வருகிறது. அவள் மட்டும் பார்த்துவிட்டு, “இத்த எழுதவா இத்தினி நாளு?” என்றாள்.

அந்த வெள்ளிக்கிழமை எல்லோரும் ஏலக்கூடத்துக்கு வந்தார்கள். கட்டை ஐஸ் பெட்டிமேல் கிடந்தது. யாரும் தொடவில்லை.

“அவளே பூட்டா. இத்தோட உட்ருவோம்” என்றாள் நாகம்மா.

எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது. “பாடு செத்தவளோட போவாது. வூட்டாளுங்க எறக்கணும். இன்னிக்கு உட்டா போனதுதான்” என்றேன். காரியம்கூட முடியாத வீட்டுப் பெண்ணை வேடிக்கை காட்டச் சொல்கிறானே கிழவன் என்று முணுமுணுத்தார்கள். பின்னால் நின்றிருந்த கஸ்தூரி முன்னால் வந்து கட்டையை எடுத்தாள்.

“வார்டுல டாக்டர் பக்கத்துல நிக்கும்போதுதான் அம்மா போன் பண்ணும். ‘எக்ஸாஸ்டட்னா இன்னாடி?’ன்னு கேக்கும். ‘டயர்டுக்கு மேலம்மா’ம்பேன். ‘அதுக்கு மேல இன்னா?’ன்னும். ‘அதுக்கு மேல ஒண்ணும் இல்லம்மா, போன வைம்மா’ம்பேன். ‘இருக்குதுடி. அதுக்கு மேல அம்மா’ன்னு சொல்லிட்டு, அதுவே சிரிச்சிக்கினு வெச்சிடும்.”

முதலில் யாரும் சிரிக்கவில்லை. பிறகு நாகம்மா மூக்கைச் சிந்திக்கொண்டே சிரித்தாள். பிறகு எல்லோரும். பாடு போகவில்லை.

வரும் வெள்ளி என் பாடு. என்னிடம் வேறு கதை இல்லை, பின்னல் கதையைத்தான் சொல்லப்போகிறேன். கெடுக்க ஆள் இல்லை என்பதால் இந்த முறை கத்தி வருகிற இடம்வரை எல்லோரும் கேட்பார்கள். அதற்கு எவ்வளவு நாள் ஆசைப்பட்டேன்! கதையை என் கையாலேயே ஒரு தாளில் எழுதி வைத்திருக்கிறேன். ‘மழை’ என்ற சொல்லுக்குப் பிறகு மட்டும் கொஞ்சம் இடம் விட்டிருக்கிறேன். அவள் சிரித்து முடிக்க அவ்வளவு ஆகும்.