சம்பூர்ணம் கட்டிய வேப்பிலை

மகள் தேவகியை மயானத்துக்கு எடுத்துக்கொண்டு போன மறுநாளே சம்பூர்ணம் ராட்டையின் முன்னால் உட்கார்ந்து, தறிக்குப் பட்டுநூல் தார் சுற்றத் தொடங்கிவிட்டாள். நெசவுத் தெருப் பெண்கள் அதை ஒரு மாதிரியாகப் பேசினார்கள். பள்ளிக்கூடம் போகிற பெண்ணைப் பறிகொடுத்தவள் இப்படி மரமாட்டம் உட்கார்ந்திருக்கிறாளே என்றார்கள். அவள் காதிலும் அது விழுந்தது. விழுந்ததே தவிர உள்ளே போகவில்லை. புருஷன் கோதண்டபாணி தறியில் உட்கார்ந்தபடியே அழுவான். பட்டில் கண்ணீர் பட்டால் கறையாகிவிடுமே என்று ஒரு துண்டை எடுத்து அவன் தோளில் போட்டுவிட்டு அடுப்பைப் பார்க்கப் போவாள்.

அது அறுபத்திரண்டாம் வருஷத்துக் கோடை. காஞ்சிபுரத்தில் பெரியம்மை இங்கொன்றும் அங்கொன்றுமாகத் தலைகாட்டியிருந்தது. அந்த நோய் சம்பூர்ணத்துக்குப் புதிதில்லை. சிறு வயதில் தனக்கே வந்து பிழைத்தவள். முகம் முழுக்க அதன் தழும்பு. கல்யாணத்துக்கு முன், பிறந்த ஊரான முசரவாக்கத்தில் அம்மை பரவியபோது ஊருக்கு வெளியே கொட்டகை போட்டு நோயாளிகளை வைத்திருந்தார்கள். ஒருமுறை வந்தவருக்கு மறுபடி வராது என்பதால், அங்கிருந்த நர்ஸம்மாவுக்குத் துணையாக இவளை அனுப்பினார்கள். கொப்புளத்தைப் பார்த்தே எது பெரியம்மை, எது சின்னம்மை என்று பிரிக்கவும், யாரை எத்தனை நாள் ஒதுக்கி வைக்க வேண்டும் என்றும் அந்தக் கொட்டகையில்தான் கற்றுக்கொண்டாள்.

ஆகவே மகளுக்கு அம்மைத் தடுப்பூசி குத்தவேண்டும் என்று அவள் அலையாமல் இல்லை. குத்துகிறவர் தெருவுக்கு வந்தபோது அம்மன் கோயிலில் காப்புக் கட்டியிருந்தார்கள். அந்தச் சமயத்தில் குத்திக்கொண்டால் அம்மன் கோபிப்பாள் என்று பெண்கள் பயந்தார்கள். தெரு நாட்டாமை கைலாசம் யார் மனதையும் நோகடிக்கத் தெரியாதவர். "திருவிழா முடியட்டும்பா, அப்புறம் வா" என்று அவரை மோர் கொடுத்து அனுப்பிவிட்டார். திருவிழா முடிந்து மருந்து வந்தது. அதைப் பனிக்கட்டியில் வைத்துக் காப்பாற்ற கம்பவுண்டர் முனிரத்தினத்தின் மருந்துக்கடையில்தான் வசதி. அவர் வைத்தியம் தெரிந்த மனிதர், கைராசிக்காரர். பட்டு முதலாளிகளின் வீடுகளுக்கெல்லாம் முதலில் கொண்டுபோய்க் குத்தச் செய்துவிட்டு, "தீந்துப்போச்சு, அடுத்த தபா வரட்டும்" என்றார். அடுத்த தடவை வருவதற்குள் தேவகிக்குக் காய்ச்சல் கண்டுவிட்டது.

கைலாசம் மயானம் வரை நடந்துவந்து குலுங்கிக் குலுங்கி அழுதார். முனிரத்தினம் ஒரு மாலை அனுப்பினார். சம்பூர்ணத்துக்கு இருவர் மேலும் கோபம் வரவில்லை. வரும் என்று எதிர்பார்த்துக் கொஞ்ச நாள் இருந்தாள். அப்புறம் அதையும் விட்டுவிட்டாள்.

மறுவருஷம் மாசியில் மறுபடியும் வந்தது. தெருக்கோடி வீட்டில் ஒரு தறிக்காரனுக்கு இடுப்புவலியும் காய்ச்சலுமாக ஆரம்பித்து, மூன்றாம் நாள் முகமெல்லாம் முத்துப் போட்டுவிட்டது. கைலாசம் அன்று மாலையே சம்பூர்ணத்தின் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"உள்ள வாங்க" என்றாள்.

"வேணாம்மா. நின்னுக்கினே சொல்லிட்றேன். போன வருஷம் நான் பண்ணது தப்புன்னு எல்லாருக்கும் தெரியும். இந்தத் தபா இன்னா பண்றதுன்னு எனக்குத் தெரியல. உனக்குத் தெரியும். நீ சொல்லு, தெரு கேக்கும். கேக்கலன்னா நான் கேக்க வெக்கிறேன்."

அவள் தார் சுற்றுவதை நிறுத்தவில்லை. "எல்லா வூட்டுக்கும் ஒரே சட்டம்னா செய்றேன்" என்றாள். "முதலாளி வூடு, உங்க வூடு, எங்க வூடு எதுக்கும் தனியா ஒண்ணு கெடையாது."

"சரிம்மா."

விடிந்ததும் ஆரம்பித்தாள். தறிக்கான பாவு நூலைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டிக் கஞ்சி போடும்போது இருபக்கமும் ஆட்கள் கூடுவார்கள். அதை முதலில் நிறுத்தினாள். அம்மை கண்ட வீட்டிலிருந்து பட்டோ துணியோ வெளியே போகக்கூடாது என்றாள். முதலாளிகளின் ஆட்கள் வந்து கத்தினார்கள். அவள் பதிலுக்குக் கத்தவில்லை. சொன்னதையே அதே குரலில் திரும்பச் சொன்னாள். கொஞ்ச நேரத்தில் கத்துவதற்கு ஒன்றும் இல்லாமல் அவர்கள் போய்விட்டார்கள்.

நோயாளி வீட்டுக்குள் போய்வர ஆள் வேண்டும். பக்கத்துத் தெரு ஷமீம் பானுவின் முகத்திலும் தழும்பு இருந்தது. ஜரிகைக் கடையில் வேலை செய்யும் ஹயாத் பாஷாவின் மனைவி. சம்பூர்ணம் அவளிடம் போய்க் கேட்டாள்.

"நம்ப மூஞ்சிக்கு இப்பத்தான் ஒரு வேல கெடச்சிருக்குதுக்கா" என்று சொல்லி ஷமீம் பானு முக்காட்டை இழுத்துச் செருகிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

இரண்டு பெண்களும் வீடு வீடாகப் போனார்கள். கஞ்சி கொடுத்தார்கள், துணிகளை வெந்நீரில் போட்டுக் கொதிக்கவைத்தார்கள். அம்மை குத்துகிறவர் வந்தபோது, நோயாளி வீட்டை ஒட்டிய வீடுகளிலிருந்து ஆரம்பிக்கும்படி சம்பூர்ணம் சொன்னாள். பயந்த பெண்களிடம் அம்மனைப் பற்றி அவள் வாதம் செய்யவில்லை. "அம்மா வந்தா வரட்டும். வந்துட்டு கொழந்தைய வுட்டுட்டுப் போவட்டும். அதுக்குத்தான் இது" என்பாள். தேவகியைப் பெற்றவள் சொல்கிறாள் என்று கைகளை நீட்டினார்கள்.

இப்படிப் போய்க்கொண்டிருக்கும்போதுதான் தம்பி துரைக்கண்ணு ஒரு மத்தியானம் வந்தான். அவனும் அதே தெருவில் தறி போட்டிருந்தான். மகள் கிருஷ்ணவேணிக்கு வாலாஜாபாத்தில் மாப்பிள்ளை பார்த்து, அந்த வாரக் கடைசியில் முகூர்த்தம். பந்தல்கால் நட்டாகிவிட்டது.

"அக்கா, சின்னவனுக்கு உடம்புல ரெண்டு மூணு கொப்புளம் இருக்குது. வேர்க்குரு மாதிரிதான். நீ ஒண்ணும் வர வேணாம், சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்."

அவள் எழுந்து அவனோடு நடந்தாள். சின்னவன் பின்கட்டில் படுத்திருந்தான். அத்தையைப் பார்த்துச் சிரித்தான். அவள் அவன் பாதத்தைத் திருப்பிப் பார்த்தாள், உள்ளங்காலில் கொப்புளம் இருந்தது. உள்ளங்கையிலும் இருந்தது. பெரியம்மைதான் அங்கெல்லாம் முளைக்கும். போர்வையை இழுத்து மூடிவிட்டு வெளியே வந்தாள்.

அங்கே முனிரத்தினம் உட்கார்ந்திருந்தார். துரைக்கண்ணு கூட்டிவந்திருக்கிறான்.

"சின்னம்மைன்னு நான் சொல்லிட்றேன்மா" என்றார் கம்பவுண்டர் மெதுவாக. "நான் சொன்னா நாலு பேரு நம்புவாங்க. பையன் பின்கட்டுலயே இருக்கட்டும். தாலி ஏறுன உடனே நீ இன்னா பண்ணணுமோ பண்ணிக்க."

"உள்ளங்கால பாத்தீங்களா?"

அவர் பார்வையைப் பந்தல்கால் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"பாத்திருக்கீங்க. உங்களுக்குத் தெரியாம இருக்காது."

"அக்கா" என்று துரைக்கண்ணு அவள் கையைப் பிடித்துக்கொண்டான். "உன் பொண்ணாட்டமா வளந்தவ அவ. மாப்பிள்ளை வூட்டுக்காரங்க காதுல வுழுந்தா போச்சு. நாலே நாளுக்கா. உன் கால்ல வுழறேன்."

வீட்டுக்குள் வளையல் சத்தம் கேட்டது. கிருஷ்ணவேணி நிலைப்படி ஓரத்தில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். சம்பூர்ணம் அவளைப் பார்த்தாள். பார்த்தபோது நெஞ்சு பதறவேண்டும். பதறவில்லை. கல்யாணத்துக்கு வாலாஜாபாத்திலிருந்து எத்தனை குழந்தைகள் வரும் என்றுதான் யோசித்தாள்.

தம்பியின் விரல்களை ஒவ்வொன்றாக விலக்கிவிட்டு வேப்பமரத்தடிக்குப் போனாள். ஒரு கொத்தை ஒடித்து வந்து, பந்தல்காலில் கட்டியிருந்த மாவிலைக்குப் பக்கத்தில், தெருவில் போகிறவர்களுக்குத் தெரியும்படி கட்டினாள். அம்மை கண்ட வீட்டுக்கு அதுதான் அடையாளம்.

"நீ மனுஷியே இல்ல" என்றான் துரைக்கண்ணு. "உனக்குத்தான் இல்லன்னு ஆயிப்போச்சு, என் பொண்ணும் வாழக்கூடாதா?"

அதற்கும் அவள் முகம் மாறவில்லை. மாப்பிள்ளை வீட்டுக்குச் சொல்லியனுப்ப கைலாசத்திடம் போய் நின்றாள். அவர் தானே பஸ் ஏறி வாலாஜாபாத் போனார். அவர்கள் கல்யாணத்தை ஒத்திவைக்கவில்லை. சம்பந்தமே வேண்டாம் என்றுவிட்டார்கள்.

சின்னவனை ஷமீம் பானுதான் பார்த்துக்கொண்டாள். துரைக்கண்ணு அக்காவை வீட்டுக்குள் விடவில்லை. பொருக்கு உதிர்ந்து பையன் எழுந்தான். முகத்தில் தழும்போடு, உயிரோடு. அந்த வருஷம் தெருவில் செத்தது முதலில் விழுந்த தறிக்காரனும் ஒரு கிழவரும்தான். வேறு தெருக்களில் அதிகம்.

சித்திரையில் கோயில் மண்டபத்தில் தெருக்கூட்டம் போட்டார்கள். கைலாசம் எழுந்தார்.

"எனக்கு வயசாயிடுச்சு. வேற ஆளு பாருங்க."

முனிரத்தினத்தின் பெயரை யாரோ சொன்னார்கள். படித்தவர், விவரம் தெரிந்தவர் என்றார்கள். கைலாசம் தலையை ஆட்டினார்.

"நான் யாருக்கும் கெடுதி நெனச்சதில்ல. ஆனா ஒண்ணும் தெரியாம இந்த எடத்துல உக்காந்துக்கினு இருந்தேன், ஒரு கொழந்த போச்சு. அவருக்கு எல்லாம் தெரியும். தெரிஞ்சும் இன்னா பண்ணாருன்னு உங்களுக்கே தெரியும். சம்பூர்ணத்துக்குத் தெரியவும் தெரியும், சொந்தத் தம்பி வூடுன்னு பாக்கவும் இல்ல. நம்பளுக்கு ரெண்டும் வேணும்பா."

பொம்பளை எப்படி நாட்டாமை பார்ப்பது என்று ஒரு குரல் எழுந்தது. கொஞ்ச நேரம் சலசலத்தது. அடங்கிவிட்டது. தூணோரம் உட்கார்ந்திருந்த சம்பூர்ணம், யாரோ ஒருத்தியைப் பற்றிப் பேசுகிறார்கள் என்பதுபோலக் கேட்டுக்கொண்டிருந்தாள். வேண்டாம் என்று சொல்லவும் அவளுக்கு ஒன்றும் தோன்றவில்லை.

பல வருஷம் நாட்டாமை பார்த்தாள். முனிசிபாலிடியில் போய் உட்கார்ந்து தெருவுக்குக் குழாய் கொண்டுவந்தாள். பாகப்பிரிவினைச் சண்டைகளில் இரண்டு பக்கத்தையும் கடைசிவரை கேட்டுவிட்டுத்தான் வாயைத் திறப்பாள். சிரித்துப் பேசமாட்டாள், ஆனால் அவள் சொன்னால் நடக்கும் என்றார்கள். முனிரத்தினத்தையும் அவள் ஒதுக்கவில்லை. மருந்து வரும்போது அவரையே கூப்பிடுவாள். ஆனால் மருந்துப் பெட்டி பனிக்கட்டியோடு அவள் வீட்டில் இருக்கும், வரிசையை அவள்தான் விடுவாள். துரைக்கண்ணு மட்டும் தெருவில் எதிர்ப்பட்டால் மறுபக்கம் போய்விடுவான்.

எழுபதில் ஒரு நாள் அவள் வீட்டு வாசலில் குழந்தைகளுக்கு அம்மை குத்திக்கொண்டிருந்தார்கள். வரிசையில் கிருஷ்ணவேணி நின்றிருந்தாள். அவளுக்குத் தாமதமாகத்தான் கல்யாணமானது, திருமுக்கூடல் பக்கத்தில். அத்தைக்குப் பத்திரிகை வைக்கவில்லை. இப்போது பிரசவத்துக்கு வந்தவள், கைக்குழந்தையை ஏந்திக்கொண்டு வந்திருந்தாள்.

"அத்தை, அப்பாவுக்குத் தெரியாது. கோயிலுக்குன்னு சொல்லிட்டு வந்தேன்."

"குடு" என்று சம்பூர்ணம் குழந்தையை வாங்கி மடியில் போட்டுக்கொண்டாள். குத்தியதும் அது வீறிட்டு அலறி, அவள் விரலை இறுகப் பிடித்துக்கொண்டது. மரத்துப்போன காலில் ரத்தம் திரும்பும்போது சுருக்கென்று குத்துமே, அதுபோல எங்கோ உள்ளே ஒன்று குத்தியது. வலித்தது. அது என்னவென்று பார்ப்பதற்குள் அடங்கியும் விட்டது.

குழந்தையைத் தாயிடம் கொடுத்தாள். கிருஷ்ணவேணி போகாமல் ஒரு நிமிஷம் நின்றாள்.

"வெயில்ல நிக்காத. கொழந்தைக்கு ராத்திரி காய்ச்சல் வரும், பயப்படாத" என்றாள் சம்பூர்ணம். பிறகு வரிசையைப் பார்த்து, "அடுத்தது யாரும்மா?" என்றாள்.