பஞ்சாங்கத்தோடு வந்த தேடுபொறி

பௌர்ணமி எப்போது தொடங்குகிறது என்று பார்க்க இன்று ஒரு பஞ்சாங்கச் செயலியை இறக்கினேன். அதன்பின் கைப்பேசியில் எதைத் தேடினாலும், பெயரே கேள்விப்படாத ஒரு தேடுபொறி வந்து நின்றது.

செங்கம் சாலையில் உள்ள கைப்பேசிக் கடையில் காட்டினேன். கடைக்காரப் பெண் சிரித்தார்.

"பஞ்சாங்கத்தோட இதையும் உள்ள வுட்டுட்டாங்க சார். இறக்கும்போது கீழ 'இதுவும் வேணும்'னு இருந்த டிக்கை எடுக்கலையா?"

"பார்த்தேம்மா. இருந்துட்டுப் போகட்டும்னு விட்டுட்டேன்."

"இப்படித்தான் சார், அந்தத் தேடுபொறிக்காரங்க 'எங்ககிட்ட ஆள் ஜாஸ்தி'ன்னு காட்டிக்கிறாங்க."

அவர் அந்தத் தேடுபொறியை நீக்கும்போது, "உறுதியாகப் போகிறீர்களா?" என்று அது இரண்டு முறை கெஞ்சியது.

எனக்குக் கோபம் வரவில்லை, பொறாமைதான் வந்தது. கிரிவலப் பாதைக் குளங்களை ஒவ்வொன்றாகப் போய்ப் பார்த்து இந்த வலைப்பூவில் எழுதுகிறேன். படியுங்கள் என்று யாரையும் கேட்கக் கூச்சம். படிப்பதை நிறுத்தி விலகிப் போனவர்களிடம் ஏன் என்றுகூடக் கேட்டதில்லை.

அந்தப் பஞ்சாங்கக்காரர் தன் செயலியோடு என் குளங்களையும் சேர்த்துக்கொள்வாரா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். டிக்கை மட்டும் எடுத்துவிடாதீர்கள்.