சுமதி டீச்சரும் கோழி டார்ச்சும்

செவ்வாய்க்கிழமை காலை பதினொன்றரை மணி இருக்கும். முட்டை ஏற்ற என் கோழிப்பண்ணைக்கு வந்த வண்டி ரிவர்ஸில் வந்துகொண்டிருந்தது. நான் பின்னால் நின்று வழி சொல்லிக் கத்திக்கொண்டிருந்தேன். அந்தச் சத்தத்துக்கிடையில் போன் அடித்தது. "அய்யா, சுமதி மேடம் இறந்துட்டாங்க" என்றது ஒரு பெண் குரல். "யாரும்மா நீ? வாயில் வந்ததையெல்லாம் பேசிக்கிட்டு!" என்று திட்டிவிட்டுப் போனை வைத்துவிட்டேன். வண்டிக்காரன் என்னவென்று கேட்டான். "ஒண்ணுமில்லைடா, எவளோ கிறுக்கச்சி" என்றேன்.

கால் மணி நேரம் கழித்து, வண்டியை அப்படியே விட்டுவிட்டு ஓரமாக வந்தேன். அதே எண்ணுக்குத் திரும்பக் கூப்பிட்டேன். பேசியவர் ராஜேஸ்வரி, பாலிடெக்னிக்கில் டீச்சருடன் வேலை செய்கிறவர். நான் திட்டியதை விட்டுவிட்டு நடந்ததைச் சொன்னார். லேப்பில் மீட்டரை எடுத்து மேசையில் வைத்த டீச்சர் அப்படியே சாய்ந்துவிட்டாராம். ஆஸ்பத்திரி போய்ச் சேருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. மாரடைப்பு என்கிறார்கள். முப்பத்தொன்பது வயது. எனக்கு ஐம்பத்தெட்டு, சர்க்கரை, பிரஷர் எல்லாம் உண்டு, மூன்று வேளையும் தின்றுகொண்டு குத்துக்கல்லாட்டம் உட்கார்ந்திருக்கிறேன். இது என்ன நியாயம் என்று யாரைக் கேட்பது?

நாமக்கல் பக்கம் கோழி வளர்க்கிற உங்களில் பலருடைய ஷெட்டில், கதவோரம் ஆணியில், அவர் மாற்றிக்கொடுத்த டார்ச் தொங்குகிறது. உங்கள் ஆட்கள் அவரை 'டார்ச் டீச்சர்' என்பார்கள். உண்மையில் அவர் டீச்சர் அல்ல, லேப் டெக்னீஷியன். ஆத்தூரில் பிறந்து கல்யாணமாகி இங்கே வந்தவர். நீங்கள் டீச்சர் இல்லையே என்று சொன்னால் சிரிப்பார். "கூப்பிடுறவங்க வாயை அடைக்க முடியுமாண்ணா?" என்பார்.

அவரை நான் முதலில் பார்த்தது ஒரு சண்டையில்தான். கடையில் வாங்கிய டார்ச் ஒன்றை எடுத்துக்கொண்டு பாலிடெக்னிக்குக்குப் போயிருந்தேன். அந்த டார்ச்சுகள் உங்களுக்குத் தெரியும். முதல் அழுத்துக்கு முழு வெளிச்சம், அடுத்ததற்குப் பாதி, அதற்கடுத்து பளிச் பளிச்சென்று திருவிழா வெளிச்சம். உமி பரப்பிய தரையில் வளரும் குஞ்சுகளிடம் இதைக் காட்டினால் என்ன ஆகும்? மிரண்டு ஒரு மூலைக்கு ஓடும். ஒன்றின் மேல் ஒன்று ஏறும். அடியில் கிடப்பது மூச்சு முட்டிச் செத்துப்போகும். "படிச்சவங்க இப்படித்தான் டார்ச்சு செய்வீங்களா?" என்று உள்ளே நுழைந்ததும் கேட்டேன், என்னவோ அவர்தான் அதைச் செய்து விற்றவர் மாதிரி.

அவர் கோபப்படவில்லை. டார்ச்சின் தலையைக் கழற்றி, உள்ளே நாணயம் அளவில் இருந்த வட்டத் தகட்டைக் காட்டினார். விளக்குக்கு எவ்வளவு மின்சாரம் விடுவது என்று முடிவு செய்வது அதுதான், அதற்கு டிரைவர் என்று பெயர் என்றார்.

"எங்க ஊர்ல எந்த டிரைவரும் சொன்ன பேச்சுக் கேட்டதில்லையே அம்மணி."

"இந்த டிரைவர் கேக்கும்ணா. இதுல இருக்கிற சிப்புல பழைய புரோகிராமை அழிச்சிட்டு, நமக்கு வேண்டியதை எழுதிப் போட்டா அதுபடிதான் எரியும்."

எழுதினார். ஒரு தடவையில் முடியவில்லை. ஏழு ஞாயிற்றுக்கிழமை என் பண்ணைக்கு வந்தார். நட்டநடுப் பகலில் குஞ்சு ஷெட்டின் படுதாக்களை இறக்கி இருட்டாக்கிவிட்டு, உமியில் சம்மணம் போட்டு உட்காருவார். டார்ச்சை அழுத்துவார். தணலைப் போலத் தொடங்கி மெல்ல மெல்ல வெளிச்சம் ஏறும். "கழுத்து நிமிருதான்னு பாருங்கண்ணா" என்பார். குஞ்சுகள் கழுத்தை நிமிர்த்தினால் வெளிச்சம் வேகமாக ஏறிவிட்டது என்று அர்த்தம். குறித்துக்கொண்டு போய், அடுத்த ஞாயிறு வேறொரு புரோகிராமுடன் வருவார். ஏழாவது வாரம் ஒரு கழுத்தும் நிமிரவில்லை. "டார்ச் எரியறது நமக்குத் தெரிஞ்சாப் போதும்ணா, கோழிக்குத் தெரிய வேண்டாம்" என்றார். தலையெல்லாம் உமி. என் வீட்டுக்காரி தட்டிவிட்டாள்.

அதன்பிறகு நாமகிரிப்பேட்டையிலிருந்து பனமரத்துப்பட்டி வரைக்கும் ஆட்கள் டார்ச்சும் கையுமாக அவரிடம் போனார்கள். நானும் ஒரு பை நிறையக் கொடுத்தனுப்பினேன், ஆள் விட்டு வாங்கிக்கொண்டேன்.

இனிமேல் எழுதுவதை மறைக்கலாம். அஞ்சலி என்றால் நல்லதை மட்டும் எழுதுவது வழக்கம். ஆனால் மறைத்தால் அவர் எப்படிப்பட்டவர் என்பது உங்களுக்குத் தெரியாமலே போய்விடும்.

பண்ணை ஆட்கள் ஒரு குறை சொன்னார்கள். பேட்டரி மாற்றினால் சரியாக உட்கார்ந்ததா என்று தெரியவில்லை, தலைகீழாகப் போட்டுவிட்டு டார்ச் கெட்டுவிட்டது என்று தூக்கி எறிகிறோம் என்றார்கள். டீச்சர் அதற்கும் வழி செய்தார். பேட்டரி சரியாக உட்கார்ந்ததும் டார்ச் இரண்டு முறை கண் சிமிட்டும். லேப்பில் எல்லோருக்கும் அது பிடித்திருந்ததாம். லேப்பில் கோழி ஏது?

என் பண்ணையில் ஒரு சாயங்காலம் மழை இருட்டு, கரண்ட் போய்விட்டது. என்னிடம் வேலை செய்கிற மாதையன் குஞ்சு ஷெட்டுக்குள் நின்றபடியே பேட்டரி மாற்றினான். முழு வெளிச்சத்தில் இரண்டு சிமிட்டல். அவ்வளவுதான். ஜெனரேட்டர் ஓடி விளக்கு வந்தபோது வடக்கு மூலையில் இடுப்புயரத்துக்குக் குஞ்சுகள் குவிந்து கிடந்தன.

மறுநாள் காலை டீச்சர் வந்தார். யாரும் கூப்பிடவில்லை. புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, செத்ததை மாதையனோடு சேர்ந்து சாக்கில் அள்ளினார். பக்கத்துப் பண்ணைக்காரர்களும் கூடியிருந்தார்கள். மாதையன் பயந்துபோய், "கை தவறி அழுத்திட்டேனுங்க" என்று பழியைத் தன் மேல் போட்டுக்கொள்ளப் பார்த்தான். டீச்சர் அவனைத் தடுத்தார். "அவர் ஒண்ணும் பண்ணலைங்க. அந்தச் சிமிட்டலை நான்தான் எழுதினேன். கோழியை நினைக்காம எழுதிட்டேன். தப்பு என்னுது."

அத்தனை பேர் முன்னால், இப்படி ஒருவர் சொன்ன பிறகாவது நான் வாயை மூடியிருக்கலாம். என் வாய் அப்படிப்பட்டதா? "கோழின்னா என்னன்னு தெரியுமா உனக்கு? போ, போய்க் காலேஜ்ல பொம்மை செய்" என்றேன். அதுவரை 'வாங்க, போங்க' என்றுதான் பேசியிருந்தேன். ஏழு ஞாயிறு என் ஷெட்டின் உமியில் உட்கார்ந்திருந்த மனுஷியிடம் அப்படிச் சொன்னேன்.

அவர் அந்த வாரமே ஸ்கூட்டரில் லேப்டாப்பை மாட்டிக்கொண்டு பண்ணை பண்ணையாகக் கிளம்பினார். தான் மாற்றிக்கொடுத்த எல்லா டார்ச்சுக்கும் ஒரு நோட்டில் உரியவர் பெயரை எழுதி வைத்திருந்தார். ஒவ்வொன்றையும் வாங்கி, சிமிட்டலை எடுத்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். என் பண்ணைக்கும் வந்தார். மற்ற டார்ச்சுகளை மாதையனிடம் கொடுத்தனுப்பினேன். அன்று சிமிட்டிய அந்த ஒன்றை மட்டும் பீரோவில் வைத்துப் பூட்டினேன். தர முடியாது என்றேன். இரண்டாம் முறையும் வந்தார். அதே பதில். "ஏனுங்க, அந்தப் புள்ள வெயில்ல நிக்குது, ஊட்டுக்குள்ள கூப்புட மாட்டீங்களா?" என்று வீட்டுக்காரி கேட்டாள். நான் பேப்பர் படிப்பதுபோல உட்கார்ந்திருந்தேன்.

மூன்றாம் முறை வந்தது போன வியாழக்கிழமை. அவர் இறப்பதற்கு ஐந்து நாள் முன்னால். "நோட்டுல இது ஒண்ணுதாண்ணா பாக்கி. தெரியாம யாராச்சும் எடுத்து ஷெட்டுக்குள்ள கொண்டு போயிட்டா?" என்றார்.

"அதை மாத்த வேண்டாம். நீ செஞ்சதுக்கு அது சாட்சி. எங்கிட்டவே இருக்கட்டும்."

அவர் நோட்டை மூடிப் பையில் வைத்தார். "சாட்சிக்கு நான் இருக்கேனேண்ணா. டார்ச்சைக் கொடுங்க, மாத்திடலாம்" என்றார். நான் எழுந்து உள்ளே போய்விட்டேன். ஸ்கூட்டர் கிளம்பும் சத்தம் கேட்டது. நாலு நாள் போகட்டும், நாமே கொண்டுபோய்க் கொடுப்போம் என்றுதான் மனதில் இருந்தது. சத்தியமாக இருந்தது. யாரிடம் சொல்லி நம்பவைப்பது?

துக்கத்துக்குப் போயிருந்தேன். முகத்தைப் பார்க்கத் துணிவில்லாமல் பந்தலுக்கு வெளியே செருப்புகளோடு நின்றேன். அவருடைய வீட்டுக்காரர் என்னைக் கண்டதும் எழுந்து வந்து, "உங்களைப் பத்திச் சொல்லிக்கிட்டே இருப்பாங்க" என்று கையைப் பிடித்துக்கொண்டார். டீச்சர் என்ன சொன்னார் என்று கேட்காமலே கிளம்பி வந்துவிட்டேன்.

நேற்று ராஜேஸ்வரியை நானே கூப்பிட்டேன். அன்றைக்குத் திட்டியதற்கு மன்னிப்புக் கேட்டேன். டீச்சர் வைத்திருந்த புரோகிராம் இருந்தால் எடுத்து வரச் சொன்னேன். சாயங்காலம் வந்தார். பீரோவைத் திறந்து டார்ச்சைக் கொடுத்தேன். "என் கண்ணு முன்னாடியே செய்யுங்க அம்மணி. எத்தனை நேரம் ஆனாலும் இருக்கேன்" என்றேன். அந்த வேலையை அதுவரை நான் பார்த்ததே இல்லை. நாற்காலி போட்டேன். காபி வைக்கச் சொன்னேன்.

ராஜேஸ்வரி டார்ச்சின் தலையைத் திருகிக் கழற்றினார். சிப்பின் கால்களை ஒரு கிளிப்பால் கவ்வினார். லேப்டாப்பில் ஒரு வரி அடித்தார். கிளிப்பை எடுத்துவிட்டுத் தலையைப் பூட்டினார். பேட்டரி போட்டார். சிமிட்டவில்லை. அழுத்தினார். மெல்ல வெளிச்சம் ஏறியது.

உள்ளே பால் இன்னும் பொங்கவில்லை.

"அவ்வளவுதானா?" என்றேன்.

"அவ்வளவுதானுங்க அய்யா. ஒரு நிமிஷ வேலை."

டார்ச் மாதையனிடம் போய்விட்டது. குஞ்சு ஷெட் ஆணியில் தொங்குகிறது. அது எனக்கு வேண்டாம். சுமதி டீச்சரிடமிருந்து என்னிடம் இருப்பது அந்த ஒரு நிமிஷம். மூன்று முறை வாசலில் வந்து நின்று அதைத்தான் கேட்டார். நான் கொடுக்கவில்லை.